பாதி ஆரஞ்சு, பாதி சிவப்பு: டல்லஸில் நாலு நாள்

வியாழன், அக்டோபர் 9, 2025

டெக்சஸ் பல்கலைக்கழகம் இருப்பது ஆஸ்டினில். ஓக்லஹோமா பல்கலைக்கழகம் இருப்பது நார்மனில். இரண்டு ஊரிலும் பிரம்மாண்டமான ஸ்டேடியம் இருக்கிறது. ஆனாலும் இந்த இரண்டு அணிகளும் மோதும் ‘ரெட் ரிவர் ரைவல்ரி’ ஃபுட்பால் ஆட்டம் அங்கே நடக்காது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஐ-35 நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் சொச்சம் வரும் டல்லஸில்தான் நடக்கும். 1929-லிருந்து வருடா வருடம் இப்படித்தான். இடம், ஃபேர் பார்க் மைதானத்துக்குள் இருக்கும் காட்டன் பௌல். அதுவும் டெக்சஸ் மாநிலப் பொருட்காட்சி நடக்கிற 24 நாளில் ஒரு சனிக்கிழமை, ராட்டினத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில்.

ஃபுட்பால் என்று இங்கே எழுதுவதெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால். காலால் உதைப்பது கொஞ்சம், எறிவதும் இடிப்பதும் நிறைய.

டிக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் தப்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. காட்டன் பௌலில் 92,100 இருக்கை. அதை மைதானத்தின் நடுக்கோடான 50 யார்டு கோட்டில் சரிபாதியாக வெட்டி இரண்டு கல்லூரிக்கும் கொடுக்கிறார்கள். வடக்குப் பாதி டெக்சஸ், அதாவது காவியும் செங்கல்லும் கலந்த மாதிரி இருக்கும் பர்ன்ட் ஆரஞ்சு. தெற்குப் பாதி ஓக்லஹோமாவின் அடர் சிவப்பு. மற்ற கல்லூரி ஆட்டங்களில் வெளியூர் ரசிகர்களுக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு மீதியை உள்ளூர்க்காரர்கள் நிரப்புவார்கள். இங்கே உள்ளூர் என்று யாருமே கிடையாது.

ஆகவே மறுவிற்பனைத் தளத்தில் விலை குறைவாகக் கண்ணில் பட்டதும் வாங்கிவிடாதீர்கள். அந்த செக்‌ஷன் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று மைதானப் படத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆரஞ்சுச் சட்டையோடு தெற்கு மூலையில் போய் உட்கார்ந்தால் யாரும் அடிக்க மாட்டார்கள். ஆனால் மூன்றரை மணி நேரம் உங்கள் அணி செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் சுற்றியிருக்கிற ஐம்பது பேர் உங்கள் முகத்தைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எந்தப் பக்கமும் சாராமல் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் 50 யார்டு கோட்டை ஒட்டிய செக்‌ஷன் வாங்கலாம். ஒரே வரிசையில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஆரஞ்சு, அந்தப் பக்கம் சிவப்பு. விலை அதிகம்தான், ஆனால் இந்த ஆட்டத்தின் முழு ருசியும் அங்கே கிடைக்கும்.

டிக்கெட் போனில்தான் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் செல்லாது, பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை வாசலில் லட்சக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது ஆப் திறக்கவே திறக்காது. இன்றிரவே வைஃபையில் போனின் வாலெட்டில் ஏற்றிவிடுங்கள். இந்த டிக்கெட்டே பொருட்காட்சிக்கும் நுழைவுச் சீட்டு, தனியாக வாங்க வேண்டாம். முதல்முறை வருகிற பலர் இது தெரியாமல் இரண்டு தடவை காசு கொடுக்கிறார்கள்.

தங்குவதற்கு டவுன்டவுன் வசதி, ஆனால் கிரீன் லைன் ரயில் போகிற எந்த இடமும் சரிதான். டிஎஃப்டபிள்யூ விமான நிலையத்தின் ஏ டெர்மினலிலிருந்து ஆரஞ்சு லைன் ஏறி, டவுன்டவுனில் வெஸ்ட் எண்ட் அல்லது எய்கார்டில் இறங்கினால் அதே நடைமேடையில் கிரீன் லைன் வரும். பிளேனோவில் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்கள் (டல்லஸின் வடக்குப் புறநகர்களில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை) பார்க்கர் ரோட்டில் காரை விட்டுவிட்டு ரெட் லைனில் வந்து டவுன்டவுனில் மாறலாம். காரில் நேராக ஃபேர் பார்க் போகிற யோசனையை மட்டும் கைவிடுங்கள். சுற்றியுள்ள தெருக்களில் வீட்டு வாசலையே பார்க்கிங்காக வாடகைக்கு விடுவார்கள். இடம் கிடைக்கும், வெளியே வருவதற்குத்தான் பொழுது போய்விடும்.

வெள்ளி, அக்டோபர் 10

ஓக்லஹோமா பல்கலைக்கழக நாட்காட்டியில் இன்றைக்கு மாணவர்களுக்கு அதிகாரபூர்வ விடுமுறை. பெயரே டெக்சஸ் ஆட்ட விடுமுறை. ஆஸ்டினில் விடுமுறை கிடையாது. வகுப்பு இருந்தும் வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை முழுவதையும் பொருட்காட்சிக்கு வைத்துக்கொள்வதுதான் எங்கள் பரிந்துரை. இந்த டிக்கெட் ஆட்ட நாளுக்கு மட்டும்தான், எனவே இன்றைக்குத் தனி நுழைவுச் சீட்டு வேண்டும். ஆனாலும் பலன் உண்டு: நாளை கூட்டத்தில் வழி தேட வேண்டியிருக்காது. ஃபேர் பார்க் ரயில் நிலையம் பாரி அவென்யூ வாசலுக்கு நேர் எதிரே. உள்ளே நுழைந்ததும் நீளமான குளமும் இரு பக்கமும் ஆர்ட் டெகோ மண்டபங்களும். டெக்சஸ் சுதந்திரம் அடைந்த நூற்றாண்டுக்காக 1936-ல் கட்டியவை. பொருட்காட்சி அதைவிடப் பழசு, 1886-ல் தொடங்கியது. அடுத்த நிலையமான எம்எல்கே-யில் இறங்கினால் வேறு வாசல், கூட்டம் கொஞ்சம் மட்டு. நாளைக்கு எந்த வாசல் என்பதை இன்றே நடந்து பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

"பிக் டெக்ஸ் காலடியில் பார்ப்போம்" என்று நண்பர்களிடம் சொல்லாதீர்கள். 55 அடி உயர கவ்பாய் பொம்மை, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அதனாலேயே எல்லாரும் அங்கேதான் சந்திக்கிறார்கள், அதனாலேயே யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடிவதில்லை. (பழைய பிக் டெக்ஸ் 2012 அக்டோபரில் பொருட்காட்சி நடக்கும்போதே தீப்பிடித்து எரிந்து, கம்பிக்கூடும் கையும் மட்டும் மிஞ்சியது. இப்போது நிற்பது அடுத்த வருடம் வந்தவர்.) சந்திக்கிற இடமாக ஏதாவது ஒரு சின்னக் கடையைச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக் கடைகளில் கூப்பன்தான் நடப்பு. கவுன்டரில் நின்று கூப்பன் வாங்கி, பிறகு கடை வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு வரிசை. நாளைக்குத் தேவையான கூப்பனையும் இன்றைக்கே வாங்கிவிட்டால் ஒரு வரிசை மிச்சம். மிஞ்சினால் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்க முடியாது, ஆகவே கணக்காக வாங்குங்கள்.

கார்னி டாக் சாப்பிடாமல் போகக்கூடாது, அதுவும் ஃப்ளெட்சர்ஸ் கடையில். ஒரு சாசேஜைக் குச்சியில் குத்தி, சோளமாவுக் கரைசலில் முக்கி, செங்குத்தாக எண்ணெயில் விடுகிறார்கள். மாவு கெட்டியாக இருந்தால்தான் குச்சியிலிருந்து வழியாமல் ஒரே கனத்தில் நிற்கும், நீர்த்துப்போனால் அடியில் மொத்தமாக இறங்கி முட்டுக்கட்டை மாதிரி ஆகிவிடும். பொன்னிறத்தைத் தாண்டிக் கொஞ்சம் பழுப்பாக வரும்போது எடுக்கிறார்கள். மேலே ஒரு கோடு மஞ்சள் கடுகுச் சாந்து. கெச்சப் போட்டால் பக்கத்தில் நிற்கிற டெக்சஸ்காரர் முகம் சுளிப்பார். கையில் வாங்கியதும் கடித்துவிடாதீர்கள். வெளித்தோல் ஆறிவிட்ட மாதிரி இருக்கும், உள்ளே மாவுக்கும் சாசேஜுக்கும் நடுவில் ஆவி அடைத்துக்கொண்டிருக்கும். நாக்கு வெந்துபோனால் நாளைக்குக் கத்துவதற்குத் தொண்டை மட்டும்தான் மிச்சம். இரண்டு நிமிடம் பொறுங்கள். சைவக்காரர்களுக்குச் சுட்ட சோளக்கதிர், ஃபனல் கேக், உருளைக்கிழங்கு வறுவல் இருக்கவே இருக்கிறது.

212 அடி உயர டெக்சஸ் ஸ்டார் ராட்டினத்தில் இன்றைக்கே ஏறிவிடுங்கள். நாளை அந்த வரிசையில் நின்றால் முதல் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் முதல் கால் பகுதி, போய்விடும்.

சனி, அக்டோபர் 11

ஆட்டம் பிற்பகல் 2:30-க்கு. பல வருடம் காலை 11 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் இது, சமீப காலமாகத்தான் டிவிக்காகப் பிற்பகலுக்குப் போகிறது. நேரம் மாறினால் வெயிலும் இடம் மாறும். மைதானம் வடக்கு தெற்காக நீண்டிருக்கிறது. 11 மணி ஆட்டத்தில் மேற்கு ஸ்டாண்டுக்கு முதலில் முகத்தில் வெயில். 2:30 ஆட்டத்தில் கிழக்கு ஸ்டாண்டில் உட்கார்ந்தவர்களுக்குக் கடைசி விசில் வரை கண்ணைக் கூச வைக்கும். மேற்கே மேல்தளத்தின் நிழல் மெல்ல இறங்கி வரும். டிக்கெட் வாங்கும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பெஞ்சுகள் பெரும்பாலும் உலோகம், வெயிலில் தோசைக்கல் மாதிரி காயும். ஒரு ஈரிழைத் துண்டு எடுத்துப் போங்கள். உட்கார விரிக்கலாம், தலையில் போடலாம், நனைத்துக் கழுத்தில் சுற்றலாம். பை என்றால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை மட்டும்தான், 12 அங்குலத்துக்கு 12, அகலம் 6. அது இல்லாவிட்டால் ஒரு கேலன் ஜிப்லாக் கவர். உள்ளங்கை அளவு சின்ன பர்ஸ் பரவாயில்லை. தோள்பையோடு போனால் ஸ்டேடிய வாசலில் திருப்பி அனுப்புவார்கள், பையை வைக்க ரயிலேறி அறைக்குத்தான் திரும்ப வேண்டும். சோதனை இரண்டு இடத்தில் நடக்கும்: பொருட்காட்சி வாசலில் ஒருமுறை, ஸ்டேடிய வாசலில் ஒருமுறை. பலர் முதலாவதைக் கடந்ததும் உள்ளே வந்துவிட்டதாக நினைத்துச் சாவகாசமாகச் சுற்றுகிறார்கள். இரண்டாவது வரிசை தொடக்க உதையை விழுங்கிவிடும்.

பத்து மணிக்குள் ரயிலேறுங்கள். டவுன்டவுனில் ஏறினால் வண்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இரண்டு மூன்று நிலையம் முன்னால் போய் ஏறுவது பழகியவர்களின் தந்திரம். மற்ற ஊர்களில் ஸ்டேடிய வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டி, மாமிசம் வாட்டி, டெயில்கேட் என்று காலையிலிருந்து ஆட்டம் போடுவார்கள். இங்கே அந்த வேலையைப் பொருட்காட்சியே எடுத்துக்கொண்டது. வீரர்களின் பேருந்துகளும் இந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டுதான் வரும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் ஆட்காட்டி விரலும் சுண்டுவிரலும் நீட்டிய, டெக்சஸ் ரசிகர்களின் கொம்பு முத்திரை. இன்னொரு பக்கம் ஓக்லஹோமாக்காரர்கள் காட்டும் அதே முத்திரை தலைகீழாக. ரசிகர்கள் கவிழ்த்துக் காட்டலாம். ஆட்டக்காரர் எதிரணியைப் பார்த்துக் காட்டினால் நடுவர் ஒழுக்கக்கேடு என்று மஞ்சள் துணியை வீசவும் வாய்ப்புண்டு.

தொடக்க உதைக்கு முக்கால் மணி நேரம் முன்பே இருக்கையில் இருங்கள். இரண்டு அணிக்கும் தெற்கு முனையில் ஒரே சுரங்கவழிதான். அதைச் சுற்றி முழுக்கச் சிவப்பு. டெக்சஸ் வீரர்கள் மைதானத்துக்குள் வரவேண்டுமானால் எதிரி ரசிகர்களின் வசவைத் தலையில் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். இந்த ஓலத்தைக் கேட்காமல் வெளியே பீர் வரிசையில் நிற்பதைவிட டிவியில் பார்த்துவிட்டுப் போகலாம். மேற்குப் பக்க நடைகூடத்தை 14 கோடி டாலர் சீரமைப்பில் அகலப்படுத்தி, எஸ்கலேட்டரும் வைத்திருக்கிறார்கள். முன்பிருந்த நெரிசலுக்கு இது எவ்வளவோ தேவலை.

எப்போது கத்துவது? எதிரணி கையில் பந்து இருக்கும்போது. நம் அணியிடம் இருக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். நான்கு முயற்சியில் 10 யார்டு முன்னேற வேண்டும், மூன்றாவது முயற்சியில்தான் சத்தம் உச்சம். பயிற்சியாளர், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் பேச 2024 முதல் அனுமதி. ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் தனியாக ஓடும் ப்ளே கிளாக்கில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது ரேடியோ தானாக அறுந்துவிடும். அதன்பிறகு குவார்ட்டர்பேக் சக வீரர்களுக்குக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அந்த 15 விநாடியில்தான் ரசிகர் கூட்டம் ஆட்டத்துக்குள் வருகிறது. குரல் கேட்காமல் முன்வரிசைத் தடியர் ஒருவர் கண்ணிமைப்பொழுது முன்னால் அசைந்தாலும் 5 யார்டு அபராதம்.

பாதிக்குப் பாதி மைதானத்தில் இது இன்னும் நுணுக்கம். டெக்சஸ் அணி தெற்கு முனையில் பந்தை வைத்திருந்தால் காது கிழியும். அதே அணி வடக்கு முனைக்குப் போனால் நூலகம் மாதிரி அமைதி. குவார்ட்டருக்குக் குவார்ட்டர் முனை மாறும். இரண்டாம் பாதி தொடங்கும்போதே, கடைசிக் குவார்ட்டரில் எந்த முனை நோக்கி ஆடுகிறார்கள் என்று கவனித்து வையுங்கள். டிவியில் இது தெரியவே தெரியாது.

டெக்சஸ் புள்ளி எடுத்தால் ஸ்மோக்கி பீரங்கி வெடிக்கும். ஓக்லஹோமா எடுத்தால் இரண்டு வெள்ளைக் குட்டைக் குதிரைகள் இழுக்கும் கூண்டு வண்டி ஓடிவரும். கழிப்பறைக்கு இடைவேளையில் போகாதீர்கள். இரண்டாம் குவார்ட்டரில் நாலைந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது எழுந்து போய் வந்துவிடுங்கள். இடைவேளையில் இரண்டு கல்லூரி பேண்டும் ஆடுவதைப் பார்க்காமல் போனால் பாதி டிக்கெட் வீண்.

இந்த வருட ஆட்டத்துக்கு வருவோம். ஓக்லஹோமா தோல்வியே காணாமல் 6-வது தரவரிசையில் வந்தது. சீசனை முதலிடத்தில் தொடங்கிய டெக்சஸ், போன வாரம் ஃப்ளோரிடாவிடம் தோற்றுப் பட்டியலிலிருந்தே விழுந்திருந்தது. ஓக்லஹோமா குவார்ட்டர்பேக் ஜான் மேட்டீர் எறியும் கையில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று வாரம்கூட ஆகாமல் களமிறங்கினார். இடைவேளையில் 6–3, ஓக்லஹோமா முன்னிலை. முழுக்க ஃபீல்டு கோல்தான் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவில் உதைத்து எடுக்கும் புள்ளி), ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) இல்லை. இரண்டாம் பாதியில் ஓக்லஹோமாவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. மேட்டீர் எறிந்த பந்துகளில் மூன்று டெக்சஸ் கைக்குப் போயின. டெக்சஸ் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் 27 எறிந்து 21 சேர்த்தார், 166 யார்டு. கண்ணைப் பறிக்கும் எண் இல்லை, ஆனால் ஒன்றையும் எதிரியிடம் கொடுக்கவில்லை, அது போதுமானதாக இருந்தது. நான்காம் குவார்ட்டரில் டெக்சஸின் ரயன் நிப்லெட் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 75 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கியதோடு கதை முடிந்தது. இறுதியில் 23–6. மொத்தக் கணக்கு 1900 முதல் இந்த 2025 ஆட்டம் வரை டெக்சஸ் 65 வெற்றி, ஓக்லஹோமா 51, சமன் 5.

தரவரிசையை நம்பி இந்த ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டுகிறவர்களுக்கு எங்கள் அனுதாபம். 2021-ல் முதல் குவார்ட்டரில் 28–7 பின்தங்கிய ஓக்லஹோமா 55–48 ஜெயித்தது. அடுத்த வருடமே 49–0 தோற்றது.

வெளியேறுவதிலும் பாதிக் கணக்கு உதவும். தோற்கிற பாதி நான்காம் குவார்ட்டரிலேயே காலியாக ஆரம்பிக்கும். ஜெயித்த பாதி அசையாது. ஆகவே ரயில் நிலையத்துக்கு இரண்டு அலையாகக் கூட்டம் வரும், நடுவில் ஒரு சின்ன தணிவு. தோற்ற பக்கமாக இருந்தால் முதல் அலைக்கு முன்னால் கிளம்புங்கள், அல்லது பொருட்காட்சிக்குள் போய் ஒரு மணி நேரம் காத்திருங்கள், அது இரவு வரை திறந்திருக்கும். ஜெயித்த பக்கம் என்றால் அவசரமே வேண்டாம். 1941 முதல் வெற்றிக் கோப்பையாகக் கொடுக்கப்படும் தங்கத் தொப்பியை வீரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தலையில் வைத்துக்கொண்டு தங்கள் ரசிகர்கள் பக்கம் வருவார்கள். துணித் தொப்பி இல்லை, வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசியது. கனம் தாங்காமல் ஒவ்வொருவரும் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள்.

ஞாயிறு, அக்டோபர் 12

ஐ-35 இன்றைக்கு இரண்டு பக்கமும் நெரியும். ஆஸ்டின் திரும்புகிறவர்கள் எட்டு மணிக்கு முன் கிளம்பினால் வழியிலுள்ள வேக்கோ நகரை நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம்.

அவசரமில்லாதவர்கள் வடக்கே போங்கள். யுஎஸ்-75 சாலையில் ஒன்றேகால் மணி நேரத்தில் டெனிசன், அதைத் தாண்டியதும் ரெட் ரிவர். ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஆறு. செம்மண் கரைத்து ஓடுவதால் சிவப்பு. இங்கே 1931-ல் இரண்டு மாநிலமும் ஒரு பாலத்துக்காக முறைத்துக்கொண்டன. காசு வாங்கும் தனியார் பாலம் ஒன்று, பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய இலவசப் பாலம் ஒன்று. நீதிமன்றத் தடையைக் காட்டி டெக்சஸ் ஆளுநர் இலவசப் பாலத்தை அடைக்க, மாநிலக் காவல் படையான ரேஞ்சர்களை அனுப்பினார். ஓக்லஹோமா ஆளுநர் பில் மரே பதிலுக்குப் படையைக் கூப்பிட்டார். யாரும் சாகவில்லை, கடைசியில் இலவசப் பாலம் திறந்தது.

மணல் பரப்பில் இறங்கி நடப்பதாக இருந்தால் பழைய ஷூ போதும், செம்மண் கறை போகாது. கால் வைக்குமுன் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும். எல்லை ஆற்றின் நடுவில் இல்லை, தென்கரையில் புல்பூண்டு தொடங்குகிற கோட்டில் இருக்கிறது. ஆறு முழுக்க ஓக்லஹோமாவுக்குத்தான் சொந்தம். ஆரஞ்சுச் சட்டையோடு டெக்சஸ் கரையில் நின்று தண்ணீரில் கால் நனைத்தால் அந்தக் கால் எதிரி மண்ணில் இருக்கிறது.